ரெஃப்யூஜ் ஆராய்ச்சி வேலை, வந்து மூன்று மாதம். தொடர்வதா, விடுவதா? யாராவது சொல்லுங்கள்

புதிதாக வந்தவள்:
எல்லோருக்கும் வணக்கம். இந்தத் துறையில் யாராவது இருந்தால் தயவுசெய்து பதில் போடுங்கள். வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும், மூளையே வேலை செய்யவில்லை. எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுகலை) முடித்துவிட்டு ஊரில் பத்து வருடம் குடும்ப ஆலோசனை மையத்தில் இருந்தவள் நான். இங்கே பிரிட்டனில் ஒரு பல்கலைக்கழகத்தில் ரிசர்ச் அசோசியேட்டாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. அடிபட்டு வீட்டைவிட்டு வந்த பெண்கள் தங்கும் ரெஃப்யூஜ்களில் பேட்டி எடுக்கிற ப்ராஜெக்ட். என் மேல் குற்றப் பதிவு உண்டா என்று பார்த்துத் தருகிற டி.பி.எஸ் சான்றிதழ் இன்னும் வரவில்லை, அதனால் ஒரு பேட்டிகூட எடுக்கவில்லை. போன வாரம் மேலாளர் கூப்பிட்டு, மெயிலின் அடியில் என் பெயருக்குக் கீழே "சோஷியல் வொர்க்கர்" என்று போட்டிருந்ததை உடனே எடுக்கச் சொன்னார். பத்து வருடம் செய்த வேலையின் பெயரை நான் போட்டுக்கொள்ளக் கூடாதாம். அன்று கழிப்பறைக்குள் போய் நின்று அழுதேன். ராஜினாமா செய்துவிட்டு நேரடியாகப் பெண்களோடு வேலை பார்க்கவே போய்விடலாமா? இன்னும் ஒரு விஷயம் இருக்கிறது, அதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

ஈஸ்ட்ஹாம் அண்ணன்:
போய்விடும்மா, யோசிக்காதே. நான் லண்டனில் ஒரு கவுன்சிலில் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவில் 11 வருடமாக இருக்கிறேன், எந்த டீமைக் கேட்டாலும் ஆள் போதவில்லை என்றுதான் சொல்வார்கள். சோஷியல் வொர்க்கராகப் பதிவு வாங்கினால் அந்தப் பெயரை நீ தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம். நான் பதிந்தபோது பதிவு செய்கிற அமைப்பாக எச்.சி.பி.சி இருந்தது, 2019 டிசம்பரிலிருந்து சோஷியல் வொர்க் இங்கிலாண்ட். படிப்பில் என்னென்ன பாடம், களப்பயிற்சி எத்தனை மணி நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் தாள் கேட்பார்கள். என் கல்லூரியில் அந்த வருடத்துப் பாடத்திட்டமே கையில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். என் தம்பி நாலு தடவை நேரில் போய், பழைய நூலகப் பீரோவிலிருந்து எடுத்து, ஒவ்வொரு பக்கமும் முத்திரை வாங்கி அனுப்பினான். அந்த எட்டு மாதமும் நான் கிடங்கில் இரவு ஷிஃப்ட். ஐந்து பேர் ஒரு அறை, என் முறை வரும்போது மெத்தை சூடாக இருக்கும், அப்போதுதான் ஒருவன் எழுந்து போயிருப்பான். அதையெல்லாம் தாண்டித்தான் வந்தேன். நீயும் வந்துவிடுவாய்.

கிளாஸ்கோ தம்பி:
அக்கா, எந்த ஊர் என்றே சொல்லவில்லையே? இங்கிலாந்துக்கு ஒரு பதிவு, ஸ்காட்லாந்துக்கு எஸ்.எஸ்.எஸ்.சி, வேல்ஸுக்கும் வட அயர்லாந்துக்கும் வேறு வேறு. என்ன விசா, காண்ட்ராக்ட் எத்தனை மாதம், கூட யார் இருக்கிறார்கள், எதுவும் எழுதவில்லை. இதெல்லாம் தெரியாமல் "போய்விடு" என்று அண்ணன் எப்படிச் சொல்கிறார் என்று புரியவில்லை. ஆனால் அழுதது எனக்குப் புரிகிறது. நான் பிஹெச்டிக்கு வந்த முதல் டிசம்பரில் காலை எட்டே முக்காலுக்குத்தான் விடியும், நாலு மணிக்குள் இருட்டிவிடும், சூப்பர்வைசரைத் தவிர யாரிடமும் பேசாமல் மூன்று நாள் போயிருக்கிறது. சுவரில் பூஞ்சை வேறு. வீட்டு ஏஜெண்டிடம் சொன்னால் ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்கிறார், வெளியே உறைபனி. முதலில் ஜி.பி.யில் (வட்டார டாக்டரிடம்) பதிந்துவிட்டீர்களா? தூக்கமில்லை என்றால் அதைப் போய்ச் சொல்லுங்கள்.

மூன்றாவது காண்ட்ராக்ட்:
ஈஸ்ட்ஹாம் அண்ணன் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆராய்ச்சிக்கு எந்தப் பதிவும் தேவையில்லை. பதிவில்லாமல் "சோஷியல் வொர்க்கர்" என்ற பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்பது இங்கே 2005 முதல் சட்டம். மேலாளர் உங்களை மட்டம்தட்ட அதைச் சொல்லவில்லை, சொன்ன விதம் வேண்டுமானால் சரியில்லாமல் இருந்திருக்கலாம். எம்.எஸ்.டபிள்யூ என்று படிப்பைப் போடலாம், "குடும்ப வன்முறைத் துறையில் பத்து வருட அனுபவம்" என்று போடலாம், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

அந்தப் பத்து வருடத்தை இவர்களுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்லத் தெரிய வேண்டும், எனக்கு அது பிடிபடவே இரண்டு வருடம் ஆயிற்று. ஒன்று சொல்கிறேன். நம் ஊரின் 2005 குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்திலேயே பணத்தை முடக்கி வைப்பது, செலவுக்குக் கொடுக்காமல் இருப்பது, நகையைப் பிடுங்கிக்கொள்வது எல்லாம் வன்முறை என்று மூன்றாவது பிரிவில் எழுதியாகிவிட்டது. இங்கே குடும்ப வன்முறைக்குச் சட்டத்தில் ஒரு வரையறை வந்து அதில் பொருளாதார வன்முறை இடம்பெற்றது 2021 சட்டத்தில்தான். அதாவது 16 வருடம் கழித்து. நீங்கள் அந்தச் சட்டத்தின் கீழ் சம்பவ அறிக்கை எழுதியவராக இருந்தால், இந்த ஊர் ஆராய்ச்சியாளர்கள் பலர் புத்தகத்தில் மட்டும் பார்த்ததை நீங்கள் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்கள். நான் இதை ஒரு செமினாரில் சொன்ன அன்றுதான் என் டீமில் முதல்முறையாக எனக்குத் திரும்பக் கேள்வி வந்தது.

மற்றபடி எனக்கும் வயிற்றெரிச்சல் உண்டு. ஊர் அனுபவத்தைக் கணக்கில் எடுக்காமல் சம்பள அட்டவணையின் அடிப் படியில் வைத்தார்கள். கையெழுத்துப் போடும் முன் கேட்டிருந்தால் இரண்டு மூன்று படி ஏற்றியிருப்பார்கள், யாரும் சொல்லித்தரவில்லை. 14 மாதம், 10 மாதம், இப்போது 24 மாதம் என்று ஒட்டுப்போட்ட வாழ்க்கை. ஒரே முதலாளியிடம் தொடர் காண்ட்ராக்டில் நாலு வருடம் தாண்டினால், தகுந்த காரணம் காட்டாதவரை நிரந்தரம் என்று 2002 விதிமுறை இருக்கிறது. அந்த நாலு வருடத்தைத் தொடும் முன்பே என் முதல் இடத்தில் நிதி தீர்ந்துபோயிற்று.

மொழிபெயர்ப்பு மாமி:
படிக்கப் படிக்க மனசு கனக்கிறது. நான் இருபது வருடமாகக் கோர்ட்டிலும் ஆஸ்பத்திரியிலும் தமிழ் மொழிபெயர்க்கிறேன். அந்தப் பெண்கள் வாயைத் திறக்கவே எவ்வளவு பயப்படுவார்கள் தெரியுமா? முதல் கேள்வியே "நீங்க எந்த ஊரு?" என்பதுதான். பதிலைக் கேட்டுவிட்டு, நம் சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடுமோ என்று மனசுக்குள் கணக்குப் போடுவார்கள். எங்களுக்கு மணிக் கணக்கில்தான் சம்பளம், போகவர ஆகும் நேரத்துக்குக் காசு கிடையாது, கேஸ் ஒத்திவைத்தால் அன்றைய பொழுதே வீண்.

ஈஸ்ட்ஹாம் அண்ணன்:
காசைப் பற்றிப் பேசினால், விசாவோடு மருத்துவத்துக்கென்று வாங்குகிற ஹெல்த் சர்சார்ஜையும் சொல்லுங்கள் மாமி. ஆளுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு, குழந்தைக்குக் கொஞ்சம் குறைவு, அதையும் விசாவுக்கு முன்னாடியே மொத்தமாகக் கட்ட வேண்டும். மாதாமாதம் வரியும் கட்டுகிறோம். என் மைத்துனன் குடும்பத்துக்குக் கட்டிவிட்டு ஒரு வருடம் கடனில் இருந்தான்.

புதிதாக வந்தவள்:
மன்னியுங்கள், அவசரத்தில் எழுதினேன். இங்கிலாந்துதான். ஸ்கில்டு வொர்க்கர் விசா, 18 மாதக் காண்ட்ராக்ட், வீட்டுக்காரரும் மகளும் அடுத்த மாதம் வருகிறார்கள். டி.பி.எஸ் நிற்பதற்குக் காரணம் பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் சர்நேமாக இருக்கிறது, சான்றிதழ்களில் வெறும் இனிஷியல்.

சொல்லாமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். ரெஃப்யூஜ் ஊழியர் கூடவே இருக்க, அறிமுகத்துக்காக இரண்டு முறை போயிருக்கிறேன். அங்கே ஒரு தமிழ்ப் பெண். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். கிளம்பும்போது என் சொந்த நம்பரை ஒரு டிஷ்யூ பேப்பரில் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஊரில் இருந்தபோது எல்லோருக்கும் கொடுப்போம், அதுதான் பழக்கம். இப்போது தினமும் இரவில் கூப்பிடுகிறாள். (இங்கே அவளைப் பற்றி எழுதியிருந்த நான்கு வரிகளைப் பிறகு நீக்கிவிட்டேன்.) எடுக்காமல் இருக்க மனசு வரவில்லை, எடுத்தால் என்ன சொல்வதென்று தெரியவில்லை. மேலாளருக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமோ என்று பயம். அதனால்தான் நானாகவே விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

ஈஸ்ட்ஹாம் அண்ணன்:
அந்தப் பொண்ணு கணவன் விசாவில் இருந்தால், குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்கு மூன்று மாதம் தனியாகத் தருகிற சலுகை ஒன்று இருக்கிறது, அரசு உதவியும் கிடைக்கும். அதை விண்ணப்பிக்கச் சொல்லும்மா, இன்று ராத்திரியே சொல்.

வடலண்டன் அக்கா:
பிள்ளை, முதல் வேலையாக அந்த நாலு வரியை எடுத்துவிடுங்கோ. தமிழ்ச்சனம் வாசிக்கிற இடம் இது, ஆர் என்று கண்டுபிடிக்க ஒரு ஊர்ப் பெயரே காணும். எடுத்த பிறகு மிச்சத்தைப் படியுங்கோ. நான் ஒரு ரெஃப்யூஜில் ஒன்பது வருடம் வேலை செய்தவள்.

அண்ணன் சொன்ன சலுகை உண்மை. ஆனால் அதை நீங்கள் சொல்லக் கூடாது. பதிவில்லாமல் வேலையின் பேரில் குடிவரவு ஆலோசனை சொல்வது 1999 சட்டப்படி குற்றம். அதைவிடப் பெரிய காரணம், அந்தச் சலுகைக்குப் போனால் இருக்கிற விசா மாறிவிடும், மூன்று மாதம் முடிந்த பிறகு என்ன வழி என்று பார்க்காமல் கையெழுத்து வைத்தவர்கள் பட்ட பாட்டை நான் கண்டிருக்கிறேன். கணவர் வேலை விசாவில் வந்தவரா, இந்நாட்டில் நிரந்தர வதிவிடம் உள்ளவரா என்பதைப் பொறுத்து அடுத்த கதவு திறக்கும் அல்லது மூடும். பதிவுபெற்ற வழக்கறிஞர் இருந்து பார்க்க வேண்டிய விசயம். சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் போன்ற அமைப்புகள் 1979 முதல் எங்கட மாதிரிப் பெண்களுக்காகவே நிற்கின்றன, ரெஃப்யூஜ் ஊழியர்களுக்கு அந்த வழி தெரியும்.

இப்ப உங்கள் விசயம். வெள்ளிக்கிழமை வரை காத்திராதேங்கோ. நாளைக் காலை ப்ராஜெக்ட் தலைவருக்கு நீங்களே சொல்லுங்கோ. என்றைக்கு நம்பர் கொடுத்தீர்கள், எத்தனை முறை அழைப்பு வந்தது, எத்தனை மணிக்கு, நீங்கள் என்ன சொன்னீர்கள், நாலு வரியில் தேதியோடு எழுதிக் கொண்டுபோங்கோ. நம்பர் கொடுத்தது பிழைதான், ஆனால் நீங்களே போய்ச் சொன்ன பிழையும் மற்றவர்கள் கண்டுபிடித்த பிழையும் ஒன்றல்ல. பிறகு ரெஃப்யூஜில் அந்தப் பெண்ணுக்குப் பொறுப்பாக இருக்கிற ஊழியரோடு, கீ வொர்க்கரோடு கதையுங்கோ. சட்டென்று போனை எடுக்காமல் விடாதேங்கோ. ஒரு மனுசி தன்னைக் கைவிட்டாள் என்று அவளுக்கு இன்னொரு முறை நடக்கக் கூடாது. கீ வொர்க்கர் பக்கத்தில் இருக்க ஒரு முறை நேரில் கதைத்து, நான் ஆராய்ச்சி செய்கிறவள், உனக்கு உதவி செய்ய இவர் இருக்கிறார், இரவில் அவசரம் என்றால் இந்த ஹெல்ப்லைன் 24 மணி நேரமும் இலவசம், தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம் என்று நம்பரை அவள் கையில் கொடுங்கோ. உங்கள் பேட்டிக்கு அவளை எடுக்க வேண்டாம். உங்களில் சாய்ந்திருப்பவள் உங்களுக்கு மாட்டேன் என்று சொல்ல மாட்டாள், அது சம்மதம் இல்லை.

இன்னொன்று, உங்கள் போனில் மேப்பில் ரெஃப்யூஜின் ரகசிய முகவரி பதிவாகியிருக்கும். இப்பவே அழியுங்கோ. நாங்கள் டாக்ஸியைக்கூட இரண்டு தெரு தள்ளித்தான் நிறுத்துவோம்.

கிளாஸ்கோ தம்பி:
அக்கா, ராஜினாமா பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் வேலையை விட்டால் வழக்கமாக 60 நாள்தான் தருவார்கள், வீட்டுக்காரருக்கும் மகளுக்கும் அதே கதிதான். சின்னத் தொண்டு நிறுவனங்கள் பலவற்றிடம் ஸ்பான்சர் லைசென்ஸே (விசாவில் ஆள் எடுக்க அனுமதி) கிடையாது. அடுத்த மாதம் அவர்கள் வந்து இறங்கும்போது நீங்கள் விசா இல்லாமல் நிற்கக் கூடாது.

மூன்றாவது காண்ட்ராக்ட்:
வடலண்டன் அக்கா எழுதியதை அப்படியே செய்யுங்கள். பதிவு விஷயத்தில் நான் கொஞ்சம் வேகமாகப் பேசிவிட்டேன், அண்ணன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. சோஷியல் வொர்க் லெக்சரர் வேலைகளுக்குப் பதிவு கேட்கிற விளம்பரங்கள் நிறைய. அதனால் இந்த 18 மாதத்திலேயே கல்லூரியிலிருந்து பாடத்திட்டத்தை வரவழைத்து வையுங்கள், விண்ணப்பம் மெதுவாகப் போகட்டும். ஊழியர்களுக்குப் பிஹெச்டி கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் பல்கலைக்கழகங்கள் பல உண்டு, உங்கள் எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். பெயருக்கு, டி.பி.எஸ் படிவத்தில் இதுவரை பயன்படுத்திய எல்லாப் பெயரையும் சொல்ல வேண்டும், இனிஷியலோடு உள்ளதும் அதில் சேரும். இரண்டும் ஒருவரே என்று ஊரில் ஒரு பிரமாணப் பத்திரம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள், பதிவுக்கும் உதவும். ஊர்க் காவல்துறைச் சான்றிதழ் தனி, டி.பி.எஸ்ஸில் வெளிநாட்டுப் பதிவுகள் வராது என்பதால் ரெஃப்யூஜ் அதையும் கேட்கலாம். இந்தியத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும்.

புதிதாக வந்தவள்:
வியாழக்கிழமை இரவு எழுதுகிறேன். நேற்றுக் காலை சொல்லிவிட்டேன். நாலு வரி எழுதிய தாளை ப்ராஜெக்ட் தலைவரிடம் நீட்டும்போது கை நடுங்கியது. முழுவதும் படித்துவிட்டு, உன் ஊரில் இதை எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டார். முக்கால் மணி நேரம் பேசினோம், இங்கே வந்த பிறகு அவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை. இன்று கீ வொர்க்கரோடு போய் வடலண்டன் அக்கா சொன்ன மாதிரியே நேரில் சொன்னேன். அதற்கு மேல் எழுதவில்லை. ப்ராஜெக்டுக்கென்று தனி போன் தருகிறார்கள். மேப்பையும் அழித்துவிட்டேன்.

பிரமாணப் பத்திரத்துக்கு ஊரில் என் அண்ணனிடம் சொல்லியிருக்கிறேன், திங்கட்கிழமை நோட்டரியிடம் விசாரிக்கப் போகிறான். பாடத்திட்டத்துக்குக் கல்லூரிக்கும் அவனேதான் போக வேண்டும். மெயிலின் அடியில் இப்போது "எம்.எஸ்.டபிள்யூ, ரிசர்ச் அசோசியேட், குடும்ப வன்முறைத் துறையில் பத்து வருடம்" என்று போட்டிருக்கிறேன்.

வடலண்டன் அக்கா:
நல்லது பிள்ளை. அவன் கல்லூரிக்குப் போகும்போது களப்பயிற்சி மணிக்கணக்கையும் சேர்த்து எழுதி வாங்கச் சொல்லுங்கோ, அதுக்கென்று இன்னொரு தரம் அலைய வேண்டாம்.