பூனைக்குக் கூம்ப்ஸ் டெஸ்ட் பாசிட்டிவ், அடுத்து என்ன?

கேள்வி:
எங்கள் பூனைக்கு 3 வயது. ஈறு வெளுத்துப்போய் சாப்பிடாமல் கிடக்கிறது, சிவப்பணு ரொம்பக் குறைவு, கூம்ப்ஸ் பாசிட்டிவ். உடம்பே தன் ரத்தத்தை அழிக்கிறது என்பது உறுதிதானா? ஸ்டீராய்டு மட்டும் போதுமா?

பதில் 1:
கூம்ப்ஸ் பாசிட்டிவ் என்றால் சிவப்பணு மேல் ஆன்டிபாடியோ காம்ப்ளிமென்டோ (இரண்டும் உடம்பின் எதிர்ப்புப் புரதங்கள்) ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான், ஏன் ஒட்டியது என்று அந்த டெஸ்ட் சொல்லாது. மைக்கோபிளாஸ்மா ஹீமோஃபெலிஸ் (சிவப்பணுவில் ஒட்டும் பாக்டீரியா), லுக்கீமியா வைரஸ், தைராய்டுக்குத் தரும் மெத்திமசோல், கட்டி என்று எதுவும் பின்னால் இருக்கலாம். பிசிஆர் (ரத்தத்தில் கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்ட்) எடுத்தார்களா? மைக்கோபிளாஸ்மா என்றால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் வேண்டும் (மாத்திரைக்குப் பின்னாலேயே தண்ணீர் கொடுங்கள், உணவுக்குழாயில் சிக்கினால் புண்ணாகிவிடும்).

பதில் 2:
நாய் என்றால் ஸ்மியரில் (கண்ணாடியில் தடவிய ரத்தத்தில்) ஸ்பீரோசைட், அதாவது வெளிர்வட்டம் இல்லாமல் உருண்டையான சிவப்பணு, பார்த்தே பாதி முடிவுக்கு வரலாம். பூனையின் சிவப்பணு சின்னது, நடுவில் வெளிர்வட்டமும் தெளிவாகத் தெரியாது, அதனால்தான் கூம்ப்ஸுக்கு இவ்வளவு மதிப்பு. டெஸ்டுக்குப் பயன்படுத்தியது பூனைக்கான ரீஏஜென்ட்தானா (சோதனைத் திரவம்), முன்பு ரத்தம் ஏற்றியதா, இரண்டையும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
ஏற்றவில்லை. பிசிஆரும் எடுக்கவில்லை, நாளைக்கே கேட்கிறேன்.

பதில் 1:
சரி, ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன்பே சாம்பிள் எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், ரத்தம் ஏற்ற நேர்ந்தால் குரூப் பார்க்காமல் விடாதீர்கள், பி குரூப் பூனைக்கு ஏ ரத்தம் போனால் உயிருக்கே ஆபத்து.