புதுப்பிப்பு: கார் இல்லாமல் மஹேபூர்க்

மொரீஷியஸ் தீவின் கடலோர ஊரான மஹேபூர்கைக் கார் இல்லாமல் சுற்றிப் பார்க்க முடியுமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். அப்பாவோடு போய் வந்துவிட்டேன், தாராளமாக முடியும். திங்கட்கிழமை போங்கள், அன்றுதான் பெரிய சந்தை. பஸ்ஸை விட்டு இறங்கினால் சந்தையும் கடலும் பக்கத்திலேயே இருக்கின்றன.

கரையோரத்தில் 1810ஆம் ஆண்டு கிராண்ட் போர்ட் கடற்போரின் நினைவுத்தூண் நிற்கிறது. மாண்ட பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் இரு தரப்புக்கும் ஒரே தூண். அவசியம் பாருங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது, பாலத்துக்கு அப்பால் வில் நுவாரில் 1870 முதல் நடந்துவரும் மரவள்ளி பிஸ்கட் ஆலைதான். காய்ந்த கரும்புத் தோகையை எரித்துச் சூடேற்றிய தட்டுகளில் கையாலேயே மாவை அச்சில் பரப்பிச் சுடுகிறார்கள். அந்த மணத்துக்காகவே நடக்கலாம்.

ஊரின் வரலாற்று அருங்காட்சியகம் சற்றுத் தள்ளி இருக்கிறது. அப்பாவைப் போல முழங்கால் வலி உள்ளவர்கள் அதற்கு மட்டும் பஸ் பிடித்துக்கொள்ளுங்கள்.