ஆட்டுக்குட்டிகளின் கழிச்சலுக்கு எலிகள் காரணமாக இருக்க முடியுமா?

கேள்வி: உசிலம்பட்டி ஆட்டுக்காரர்

அனைவருக்கும் வணக்கம். உசிலம்பட்டிக்கு அருகே 22 வெள்ளாடுகளும் சில செம்மறிகளும் வளர்த்து வருகிறேன். ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து இரண்டு மாதக் குட்டிகள் கழிந்து மெலிந்தன, மூன்றை இழந்துவிட்டேன். கால்நடை மருந்தகத்தில் புழுக்கையைப் பரிசோதித்து, காக்சிடியா என்னும் குடல் ஒட்டுண்ணி மிகுதியாக இருப்பதாகக் கூறி மருந்து கொடுத்தார்கள்; மீதிக் குட்டிகள் தேறி வருகின்றன.

கடலைக்கொடி அடுக்கியிருக்கும் அறையில் எலிகள் பெருகிவிட்டன, தீவனத்தின் மேலேயே எலிப் புழுக்கை கிடக்கிறது. அதே கொட்டிலில் அடையும் நாட்டுக்கோழிகளில் சில குஞ்சுகள் ஆவணியில் இரத்தக் கழிச்சலால் இறந்தன; அதுவும் காக்சிடியாதான் என்றார்கள். எலியிடமிருந்தோ கோழியிடமிருந்தோ குட்டிகளுக்கு இது தொற்றியிருக்குமா? எலிகளுக்காக ஒரு பூனைக்குட்டியை அந்த அறையிலேயே வளர்க்கவும் எண்ணியிருக்கிறேன்.

பதில் 1: கால்நடை மருத்துவம் பயின்றவள்

ஐயா, குட்டிகளை இழந்த வருத்தம் புரிகிறது. உங்கள் கேள்விக்கு நேரான விடை: எலியும் கோழியும் இந்த நோயை உங்கள் குட்டிகளுக்குக் கொடுக்கவில்லை.

காக்சிடியா என்று பொதுவாகச் சொன்னாலும், இங்கே பேசப்படுவது ஐமீரியா என்னும் ஓரணு ஒட்டுண்ணி இனம். அதில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. ஒவ்வொன்றும் தனக்குரிய விலங்கை விட்டு வேறொன்றில் பெருகுவது மிக அரிது. குஞ்சுகளைக் கொன்ற இரத்தக் கழிச்சலுக்குப் பெரும்பாலும் ஐமீரியா டெனெல்லா காரணம். வெள்ளாட்டுக் குட்டிகளை வதைப்பவற்றுள் ஐமீரியா நினாகோலியாகிமோவே முதன்மையானது. எலிக்கு ஐமீரியா நீஷுல்சி, சுண்டெலிக்கு ஐமீரியா ஃபால்சிஃபார்மிஸ் என்று அவற்றுக்கும் தனித்தனியே உண்டு. எலியின் வகையொன்று சுண்டெலியின் சில இனவழிகளில் வளர்வதைச் சோதனைக்கூடத்தில் கண்டிருக்கிறார்கள். ஆனால் அந்த விதிவிலக்கும் நெருங்கிய உறவுள்ள விலங்குகளுக்குள்தான். உங்கள் கொட்டிலில் உள்ள செம்மறிக்கும் வெள்ளாட்டுக்கும் இடையில்கூட ஐமீரியா மாறுவதில்லை, நுண்ணோக்கியில் அவற்றின் முட்டைகள் ஏறத்தாழ ஒன்றுபோலத் தோன்றினாலும்.

ஏன் இப்படி என்றால், வேறு விலங்கின் குடலுக்குள் போன முட்டையின் உறை பித்தநீராலும் செரிமான நொதிகளாலும் திறந்துகொள்வது உண்டு, உள்ளிருக்கும் உயிரி சில வேளை குடல் உயிரணுவுக்குள் நுழைவதும் உண்டு. ஆனால் அதற்கு மேல் வளர்ந்து பெருக வழியில்லாமல் அழிந்துவிடுகிறது. திறக்காத முட்டைகள் அப்படியே எச்சத்தோடு வெளியேறும். ஆகவே ஆட்டுப் புழுக்கையைக் கிளறிய கோழியோ அதன் மேல் ஓடிய எலியோ முட்டைகளை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குச் சுமந்து செல்லலாமே தவிர, தன் உடலுக்குள் பெருக்கித் தராது.

உங்கள் தாய் ஆடுகளைத்தான் பார்க்க வேண்டும். நோய்க்குறி எதுவும் இல்லாமலே அவை முட்டைகளைக் கழித்துக்கொண்டிருக்கும். கழிந்தவுடன் அந்த முட்டை தொற்றாது. ஈரமும் வெப்பமும் காற்றும் கிடைத்தால் சில நாட்களில் தொற்றும் நிலைக்கு முதிரும். ஐப்பசி ஈரத்தில் தரை காயாததால் குட்டிகள் அதை நக்கியும் மண் ஒட்டிய மடியில் பால் குடித்தும் வாங்கிக்கொள்கின்றன. வழக்கமான கிருமிநாசினிகள் அந்த உறையைத் துளைப்பதில்லை; கூட்டிப் பெருக்கி வெயிலில் நன்றாகக் காயவிடுவதே பயன்தரும்.

பூனைக்குட்டியை மட்டும் தயவுசெய்து தீவன அறையில் விடாதீர்கள். டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி இந்த விதிக்கு முற்றிலும் மாறானது. 1908இல் துனிசியாவில் கண்டி என்னும் கொறிவிலங்கில் அதைக் கண்டறிந்தார்கள். வெப்ப இரத்த விலங்குகளும் பறவைகளும் ஏறத்தாழ அனைத்தும் அதற்கு இடைநிலை ஓம்புயிர்கள்தாம், அதாவது முட்டையிடாமல் அது தங்கி வாழும் உடல்கள். ஆனால் அதன் முட்டை உருவாகும் இடம் பூனைக் குடும்பத்தின் குடல் ஒன்றே. தொற்றுள்ள எலியை முதன்முறையாகத் தின்ற பூனைக்குட்டி ஓரிரு வாரங்களில் பல லட்சம் முட்டைகளை வெளியேற்றும். அந்த மலம் கடலைக்கொடியில் கலந்தால் சினை ஆடுகளுக்குக் கரு கலையும். கருவுற்ற பெண்களுக்கும் அது ஆபத்து.

பதில் 2: மேலூர் பரண் கொட்டில்

அம்மா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்க்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் பரண் அமைத்தேன். புழுக்கை இடுக்கு வழியாகக் கீழே விழுந்துவிடுவதால் குட்டிக் கழிச்சல் வெகுவாகக் குறைந்தது. தண்ணீர்த் தொட்டியைப் பரணுக்கு வெளியே மாட்டியதும் பெரிய மாற்றம். எலிக்கு, தீவனத்தைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி மேடையில் அடுக்கிப் பொறி வைக்கிறேன்.

பதில் 3: பாலமேடு

இதையொட்டி ஒரு ஐயம். என் காளைக்குச் சென்ற ஆண்டு சர்ரா என்னும் நோய் வந்து, இரத்தத்தில் டிரிப்பனோசோமா என்னும் ஓரணு ஒட்டுண்ணி இருப்பதாகச் சொன்னார்கள். எலி இரத்தத்திலும் அது உண்டு என்று படித்தேன். அது எலியிடமிருந்து வந்ததாக இருக்குமா?

பதில் 4: கால்நடை மருத்துவம் பயின்றவள்

எலியில் இயல்பாகக் காணப்படுவது டிரிப்பனோசோமா லூயிசி. தெள்ளுப்பூச்சி வழியாக எலிக்கு எலி பரவும், மாட்டில் வளராது. உங்கள் காளைக்கு வந்தது டிரிப்பனோசோமா எவன்சி. 1880இல் கிரிஃபித் எவன்ஸ் அதை இன்றைய பாகிஸ்தானில் உள்ள தேரா இஸ்மாயில் கானில் குதிரை, ஒட்டகங்களின் இரத்தத்தில் கண்டார். கடிக்கும் பெரிய ஈக்கள் அதைச் சுமந்து பரப்புகின்றன. இங்கே கதவு ஒரு பக்கமாகத்தான் மூடியிருக்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு: மாட்டின் எவன்சியை ஊசி மூலம் சுண்டெலிக்குச் செலுத்தினால் செழித்து வளரும், நோயைக் கண்டறியவே அப்படிச் செய்வதுண்டு. மனிதரைப் பெரும்பாலும் காப்பது இரத்தத்தில் உள்ள அப்போஎல்1 என்னும் புரதம். 2004இல் மகாராஷ்டிரத்தில் எவன்சியால் நோயுற்ற ஒரு விவசாயியின் இரத்தத்தில் அந்தப் புரதம் செயல்படவில்லை.

உசிலம்பட்டி ஆட்டுக்காரர்

மிக்க நன்றி. பூனைக்குட்டியைக் கொண்டுவரவில்லை. ஒன்று மட்டும் தெளிவாக வேண்டும்: செம்மறிகளைப் பிரித்து அடைக்க வேண்டுமா?

கால்நடை மருத்துவம் பயின்றவள்

காக்சிடியாவுக்காகப் பிரிக்க வேண்டியதில்லை, குட்டிகளை வயதுவாரியாகப் பிரிப்பதே முக்கியம். ஆனால் நான்காம் இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழு இரண்டுக்கும் பொதுவானது. ஆகவே குடற்புழு நீக்கத்தை இரண்டுக்கும் ஒரே நாளில் செய்யுங்கள்.