கழற்றின 250 வாட் சோலார் பேனல்கள்: எது தேறும், எது தேறாது?

மாடிக்கம்பி:
ஈரோடு பக்கம் ஒரு வீட்டு மாடியில் பழைய 5 கிலோவாட் செட்டை இறக்குகிறோம். 60 செல் பாலி (பாலிகிரிஸ்டலின் சிலிக்கான்), 250 வாட், மொத்தம் 20 பேனல்; போட்டு 12 வருஷம். வீட்டுக்காரர் பழசைத் தோட்டத்து மோட்டார் ரூமில் 24 வோல்ட் பேட்டரிக்கு வைத்துக்கொள்ள நினைக்கிறார். காயலான் கடைக்காரர் அலுமினிய ஃப்ரேம் மட்டும் போதும் என்கிறார். எப்படித் தரம் பிரிப்பது?

நொய்யல்கரை:
முதலில் இறக்குவதைச் சொல்கிறேன். இன்வெர்ட்டரின் ஏசி மின்சாரத்தை நிறுத்தி, டிசி ஐசொலேட்டர் சுவிட்சையும் ஆஃப் செய்த பிறகுதான் பேனல்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரில் கை வைக்கணும். 10 பேனல் சீரிஸ் என்றால் வெயிலில் 330 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். கரண்ட் ஓடும்போது பிடுங்கினால் டிசி ஆர்க் (மின்பொறி) லேசில் அணையாது. கனெக்டரை வெட்டாதீங்க, ஸ்பேனர் போட்டுக் கழற்றுங்க. பேனல் மேல் ஏறி நின்று கிளாம்ப் கழற்றுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்க. கண்ணாடி தாங்கும், உள்ளே செல் கீறல் விடும்.

ஸ்டிக்கரில் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (எதிலும் இணைக்காமல் அளப்பது) 37.6 என்று போட்டிருந்தாலும் மத்தியானம் செல் 60 டிகிரி சூட்டில் 33 முதல் 34 வரைதான் காட்டும். அது கோளாறு இல்லை. 22 காட்டினால் மூன்று பைபாஸ் டயோடில் (நிழல் விழுந்த செல் வரிசையைத் தாண்டிக் கரண்டை விடுவது) ஒன்று ஷார்ட். ஷார்ட் சர்க்யூட் கரண்டை (பிளஸ், மைனஸை நேராக இணைத்து அளப்பது) தனித்தனியாக நம்பாதீங்க, மேகம் ஏமாற்றும். ஒரு பேனலை ரெஃபரன்ஸாகப் பக்கத்தில் அதே சாய்வில் வைத்து, டிசி கிளாம்ப் மீட்டரில் இரண்டையும் ஒரே நேரத்தில் பாருங்க. 5 சதவீதத்துக்குள் இருப்பவற்றை ஒரே ஸ்ட்ரிங்கில் (சீரிஸ் வரிசையில்) போடலாம். ஷார்ட்டைப் பிரிக்கும் முன் தார்ப்பாய் போட்டு மூடணும்.

மெக்கர்பிரியன்:
வோல்டேஜ், கரண்ட் சரியாக இருந்தாலே போதாது அண்ணே. பழைய பேனலில் ஆளைப் பதம் பார்ப்பது இன்சுலேஷன்தான். பின்பக்க ஷீட்டை விரலால் தேய்த்துப் பாருங்க: வெள்ளைப் பொடி ஒட்டினால் சந்தேகம், வெடிப்பு தெரிந்தால் நிராகரிப்பு. பிறகு பிளஸ், மைனஸை ஒன்றாக முறுக்கி, அதற்கும் ஃப்ரேமுக்கும் இடையே 1000 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கும் கருவி) வையுங்க. ஐஈசி (சர்வதேச மின் தரநிலை) கணக்கில் மெகா ஓமைச் சதுர மீட்டர் பரப்பால் பெருக்கினால் 40 வரணும், அதாவது 1.6 சதுர மீட்டர் பேனலுக்குக் குறைந்தது 25 மெகா ஓம். காய்ந்த பேனல் பாஸாகிவிடும். தண்ணீர் ஊற்றி நனைத்தபின் பாருங்க. காலைப் பனியில் மட்டும் இன்வெர்ட்டர் ஐசோ ஃபால்ட் (இன்சுலேஷன் கோளாறு) காட்டுகிற பேனல் இதில்தான் மாட்டும்.

மாடிக்கம்பி:
22 வோல்ட்டில் இரண்டு இருக்கு. டயோடு மாற்றலாமா?

நொய்யல்கரை:
ஜங்ஷன் பாக்ஸ் மூடி திறந்தால் மாற்றலாம், 15எஸ்க்யூ045 டயோடு போதும். பிசின் ஊற்றிய பாக்ஸ் என்றால் கிளறாதீங்க. இன்னொன்று: 60 செல் பேனல் ஒன்றை பிடபிள்யூஎம் கன்ட்ரோலரில் (பேனலைப் பேட்டரி வோல்டேஜிலேயே ஓட்டும் சாதா சார்ஜர்) 24 வோல்ட் பேட்டரிக்குக் கொடுத்தால் சூட்டில் 26 வோல்ட்டுக்கு இறங்கிவிடும், லெட் ஆசிட் ஃபுல்லாக 28.8 வேணும். பேட்டரி நிறையவே நிறையாது, பழி பேனல் மேல் விழும். இரண்டிரண்டாக சீரிஸ் போட்டு 100 வோல்ட் எம்பிபிடி கன்ட்ரோலர் (கூடுதல் வோல்டேஜைச் சார்ஜ் கரண்டாக மாற்றுவது) வையுங்க.

கழிவுக்கணக்கு:
ஃப்ரேமை மட்டும் கழற்றித் தராதீங்க. ஓரத்தில் நெம்பினால் டெம்பர்டு கண்ணாடி மொத்தமும் நொறுங்கும். எடையில் முக்கால்வாசி கண்ணாடிதான். அது பசை ஃபிலிமோடு ஒட்டிக் கிடப்பதால் காயலான் கடையில் அதைப் பிரிக்க வழி கிடையாது. ஃப்ரேமை உருவிக்கொண்டு மீதியைக் குளத்தங்கரையில் கொட்டுவார்கள், அல்லது எரிப்பார்கள். செல்களை இணைக்கும் ரிப்பனில் ஈயம் இருக்கு. ஃப்ளோரின் கலந்த பின்ஷீட் எரிந்தால் ஹைட்ரஜன் ஃப்ளோரைடு கிளம்பும்.

2022 மின்னணுக் கழிவு விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கு. சோலார் பேனலும் அதில் அடக்கம். தயாரிப்பாளர்கள் 2034-35 வரை சேரும் பேனல் கழிவை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரிய வழிகாட்டுதல்படி சேமித்து வைக்கணும். அதனால் முதலில் பேனல் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்க; இல்லையென்றால் பதிவு பெற்ற மறுசுழற்சியாளர். ரசீதில் எடையோடு சீரியல் நம்பரும் ஏறட்டும், நிராகரித்த பேனல் வேறு மாடியில் முளைக்காமல் இருக்கும். வண்டியில் படுக்கப் போடாமல் ஓரத்தில் நிற்க வைத்து, மூலைக்கு அட்டை கொடுத்துக் கட்டுங்க.