ரைசன் 5500-ஆ, 5600-ஆ? கேமிங் கணினிக்கு ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். தம்பிக்காக 50,000 ரூபாய்க்குள் ஒரு கேமிங் கணினியைப் பாகம் பாகமாக வாங்கி நானே பொருத்த விரும்புகிறேன். 1080பி மானிட்டர் கைவசம் உள்ளது. கிராஃபிக்ஸ் கார்டாக 8 ஜிபி ஆர்எக்ஸ் 6600-ஐ முடிவு செய்துவிட்டேன்.

குழப்பம் பிராசசரில்தான். ரைசன் 5 5500 விலை குறைவு என்றாலும் அது பிசிஐஇ (கிராஃபிக்ஸ் கார்டைக் கணினியுடன் இணைக்கும் தரவு இணைப்பு) 3.0 பதிப்பு வரை மட்டுமே தருகிறது. அந்தக் கார்டு அந்த இணைப்பின் 8 லேன்களில் (தரவுப் பாதைகளில்) மட்டுமே இயங்குவதால், 5600-ஐயும் பி550 மதர்போர்டையும் சேர்த்து வாங்கினால்தான் பிசிஐஇ 4.0-இன் முழு வேகமும் அதற்குக் கிடைக்கும். அந்தக் கூடுதல் செலவுக்கேற்ற வித்தியாசம் விளையாடும்போது கண்ணுக்குத் தெரிகிறதா என்பதை, இரண்டையும் பயன்படுத்தியவர்கள் தயவுசெய்து கூறுங்கள்.

ரேம் 8 ஜிபி வீதம் இரண்டு. பவர் சப்ளையில் மட்டும் சிக்கனம் பார்க்க மாட்டேன். மலிவாக வாங்கிய ஒன்று கருகியபோது, பழைய மதர்போர்டின் கெப்பாசிட்டர்கள் உப்பிக் கிடந்ததைக் கண்ணால் கண்டவன் நான். தரமான 550 வாட் போதுமா?