பிளாக் டைம்: தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

பதினோராம் வகுப்புக்கான பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். லண்டனிலிருந்து நியூயார்க்குக்கு விமானத் தொலைவும் நேரமும் கணக்கிடும் பயிற்சி. உருண்டையின் மேல் மிகக் குறுகிய வழி பெருவட்டத்தின் (உருண்டையைச் சரிபாதியாக வெட்டும் வட்டத்தின்) வில் என்பதால் 'பெருவட்டத் தொலைவு' என்று எழுதிவிட்டேன். சுமார் 5,550 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போனால் ஆறு மணி பத்து நிமிடம். கால அட்டவணையிலோ ஏறத்தாழ எட்டு மணி நேரம். மேற்கே போகையில் எதிர்க்காற்று ஒரு காரணம். இன்னொன்று, அட்டவணை காட்டுவது பிளாக் டைம்: விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தது முதல் போய்ச் சேர்ந்து நிற்கும் வரை. இதற்கு என்ன சொல் போடலாம்? திங்கட்கிழமை கோப்பை ஒப்படைக்க வேண்டும்.

கும்பகோணத்திலிருந்து:

அம்மா, பிளாக் என்பது சக்கரத்துக்கு அண்டக்கொடுக்கும் கட்டை. தேரோட்டத்தில் முட்டுக்கட்டை போடுகிறவர் சக்கரத்தோடு கூடவே நடப்பார். முனை திரும்பும்போது கட்டையைச் செருகித் தேரையே திருப்புவார். 'முட்டுநேரம்' என்று வையுங்கள். புறநானூறு 'வலவன் ஏவா வான ஊர்தி' என்கிறது. வலவன் தேரோட்டி. தேருக்குரிய சொல் அன்றே வானுக்குப் போய்விட்டது. அப்புறம், விமானம் எதற்கு? வானூர்தி இருக்கிறதே!

திருச்சியிலிருந்து:

ஐயா, முட்டுக்கட்டை என்றால் பிள்ளைகளுக்குத் தடைதான் நினைவுக்கு வரும். விமானம் எங்கோ மாட்டிக்கொண்டது என்று படிப்பார்கள். 'மொத்தப் பயண நேரம்' போதும். விமானமும் அப்படியே இருக்கட்டும். டிக்கெட் எடுக்கிற எல்லாருக்கும் தெரிந்த சொல்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

மொத்தப் பயணம் என்றால் வீட்டுவாசலில் தொடங்கிப் பாதுகாப்புச் சோதனை வரிசையையும் சேர்த்துவிடும். எங்கள் பக்கம் வாகனம் நிற்கும் இடம் தரிப்பிடம். இரண்டு தரிப்புகளுக்கு இடைப்பட்டது 'தரிப்பிடை நேரம்'. ஓடுபாதையை விட்டு எழுந்தது முதல் தரை தொடும் வரை 'பறப்பு நேரம்'. இரண்டும் பிரிந்து நிற்கும்.

திருச்சியிலிருந்து:

தரித்து நிற்கும் நேரம் என்று தலைகீழாகப் பொருள் கொள்ள இடம் இருக்கிறதே?

யாழ்ப்பாணத்திலிருந்து:

அதனால்தான் 'இடை'. தரிப்பு நேரம் வேறு, தரிப்பிடை நேரம் வேறு. முதல் முறை வரும் இடத்தில் ஒரு வரி விளக்கம் கொடுங்கள்.

மொழிபெயர்ப்பவர்:

எல்லாருக்கும் நன்றி. தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்துப் பார்த்தால் 'தரிப்பிடை நேரம்' பக்கமே கூடுதல் பேர். விளக்க வரியோடு அதையே போடுகிறேன். திரும்பி வரும்போது காற்று கூடவே தள்ளுவதால் அதே தொலைவுக்கு ஏழு மணி நேரம் அளவில்தான் ஆகும். அந்தக் கணக்கிலும் இதே சொல்தான். 'விமானம்' என்ற சொல்லை மாற்றவில்லை.

கும்பகோணத்திலிருந்து:

சரி, பாடம் முடியட்டும். ஆனால் எனக்கு உடன்பாடில்லை. கட்டையை எடுப்பதும் போடுவதும் கண்ணால் காண்கிற செயல். 'இடை'யில் அது இல்லை. தேரோட்டச் சொற்களைத் தொகுத்துத் தனி இழையாக அனுப்புகிறேன், பேசுவோம்.