பெரியம்மா கண்டுபிடித்த பிழை

தொங்கும் சிற்பம் செய்து சொதப்பியவர்கள் வரிசையில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட். சுற்றிலும் இப்போது செம்பனைதான், ஆனால் பெரியவர்கள் பாதிப்பேர் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர்கள். அதனால் மண்டபக் கூரையில் ஒரு பால்மரத்தைத் தொங்கவிடலாம் என்று கிளம்பினேன். முழு மரமில்லை, வெட்டுப்பட்ட தண்டு மட்டும். 3 மி.மீ. பிளைவுட்டில் லேசரில் வெட்டிய 180 இலைகள், கீழே நின்று பார்த்தால் அவை தண்டைச் சுற்றி இறங்கும் வெட்டுக்கோடுகளாகத் தெரிய வேண்டும். ரைனோ என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் அதன் கிராஸ்ஹாப்பர் கருவியை வைத்து வரைந்ததால், இலைகள் தொங்கும் மேல்பலகையில் எந்த ஓட்டைக்கு எத்தனை மில்லிமீட்டர் தூண்டில் நரம்பு என்று அதுவே பட்டியல் போட்டுத் தந்தது, அந்த எண்களை மேல்பலகையில் ஓட்டைக்குப் பக்கத்திலேயே பொறித்தேன்.

தூண்டில் நரம்பில் கட்டினால், சுருளில் இருந்த வளைவு விடவே இல்லை. இலையோ லேசு. ஒவ்வொன்றுக்கும் அடியில் ஒரு ஈயக்குண்டு மாட்டிய பிறகுதான் நேராக நின்றது. அதோடு தொல்லை முடிந்தது என்று நினைத்தேன்.

திறப்புக்கு மூன்று நாள் முன்னால் பக்கத்து வீட்டுப் பெரியம்மா வந்து அண்ணாந்து பார்த்தார். இருபது வருடம் உளி பிடித்த கை. "நல்லாத்தான் இருக்கு தம்பி, ஆனா இப்படி யாருப்பா வெட்டுவா? தண்டல் பார்த்தா பிரட்டுலயே வெச்சுக் கிழிச்சிருப்பான்." (தண்டல் என்றால் தோட்டத்தில் வேலையை மேற்பார்ப்பவர், பிரட்டு என்றால் காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் எடுப்பது.)

வெட்டு இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்க வேண்டுமாம், சுமார் 30 டிகிரி சாய்வில். அப்புறம் தேடிப் படித்தேன்: பட்டைக்குள் பால்குழாய்கள் நேர்குத்தாக ஓடாமல் இடமிருந்து வலமாகக் கொஞ்சம் சாய்ந்து மேலேறுகின்றன, அதற்கு எதிர்ச்சாய்வில் வெட்டினால்தான் அதிகக் குழாய்கள் அறுபட்டுப் பால் கூடுதலாக வரும். என் கோப்பில் கோணத்துக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி தவறிப்போய், எல்லாம் கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பி இருந்தது. 180 இலைகள் தொங்கிக்கொண்டிருந்தும் ஒரு பொறியாளனும் கவனிக்கவில்லை, நானும்தான்.

மறுபடி வெட்டப் பணமில்லை. தம்பிதான் சொன்னான், பலகையைக் குப்புறத் திருப்பிப் போடு என்று. ஓட்டைகள் இடவலம் மாறும், ஒவ்வொரு ஓட்டைக்கும் உரிய நீளம் அப்படியே இருக்கும், சாய்வு தானாக மாறிவிடும்! நரம்புகளை உருவி மறுபக்கமிருந்து கோர்க்க இரண்டு இரவு ஆனது. கீழிருந்து பார்த்தால் பல்லிளித்த எண்களும் மேலே போய் மறைந்தன.

திறப்பன்று பெரியம்மா கோடுகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "சரி, மங்கு எங்க?"

பால் பிடிக்கும் அந்தக் கிண்ணம் இப்போது முப்பரிமாண பிரிண்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது.